இணைப்பைத் துண்டித்த பிறகு

உலகின் முதல் மின்தேக்கிகளில் ஒரு தகடாக இருந்தது மனிதக் கை. 1745 அக்டோபரில், பொமரேனியாவின் கம்மின் நகரத் தேவாலயத்தில் பொறுப்பு வகித்த எவால்ட் கியோர்க் ஃபொன் கிளைஸ்ட் ஒரு சிறிய மருந்துக் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் செருகிய ஆணிக்கு உராய்வுப் பொறியிலிருந்து மின்னூட்டம் ஏற்றினார். மறு கையால் ஆணியைத் தொட்டார். கையும் தோளும் மரத்துப் போயின. சில மாதங்களுக்குள், நெதர்லாந்தின் லைடன் நகரில், பேராசிரியர் பீட்டர் ஃபான் முஸ்கென்புரூக்கின் ஆய்வுக்கூடத்தில் இதுவே தனியாக நடந்தது. அங்கே அடி வாங்கியவர் ஆண்ட்ரியாஸ் குனேயஸ் என்ற வழக்கறிஞர். ஆர்வத்தால் வந்து போய்க்கொண்டிருந்தவர்.

மின்னூட்டம் ஏற்றும் பாத்திரத்தை மின்சாரம் கடத்தாத பீடத்தின் மேல்தான் வைக்க வேண்டும் என்பது அக்கால விதி. தொழில்முறை ஆய்வாளர்கள் அதை மீறவில்லை. அதனால் அவர்களுக்கு எதுவும் நடக்கவில்லை. விதி தெரியாத குனேயஸ் குப்பியைக் கையில் ஏந்தினார். உள்ளே இருந்த நீர் ஒரு தகடு, வெளியே அவருடைய உள்ளங்கை மறு தகடு, நடுவில் கண்ணாடி. தரையில் நின்றவரின் உடல் வழியாக எதிர் மின்னூட்டம் ஏறிவந்து உள்ளங்கையில் சேர்ந்தது. மின்னூட்டத்தைச் சேமித்துவைக்க முடியும் என்று மனிதன் அறிந்தது இப்படித்தான். முஸ்கென்புரூக் தானும் அதைச் செய்து பார்த்துவிட்டு, 1746 ஜனவரியில் பாரிஸில் இருந்த அறிவியலாளர் ரியோமியூருக்குக் கடிதம் எழுதினார். இந்தச் சோதனையை யாரும் செய்து பார்க்க வேண்டாம் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. கேள்விப்பட்ட பலர் அதையே செய்து பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் அபே நொல்லே, பதினைந்தாம் லூயி மன்னர் முன்னிலையில் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்கவைத்து, ஒரே நேரத்தில் அத்தனை பேரையும் துள்ள வைத்தார்.

லைடன் ஜாடி என்று பெயர் பெற்ற அந்தக் குப்பி இன்றும் வீட்டில் செய்யப்படுகிறது. பிளாஸ்டிக் டப்பாவுக்கு உள்ளும் புறமும் அலுமினியத் தாள் ஒட்டியும், கண்ணாடிப் பாட்டில்களில் உப்பு நீர் நிரப்பியும், பாலித்தீன் விரிப்பையும் அலுமினியத் தாளையும் சேர்த்துச் சுருட்டி எண்ணெயில் அமிழ்த்தியும் செய்கிறார்கள். உயர் மின்னழுத்தப் பொறிகளைத் தரும் டெஸ்லா சுருளைக் கட்டும் மாணவர்கள் பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். 1899-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் நிக்கோலா டெஸ்லாவே உப்புக் கரைசல் நிரப்பிய கனிமநீர்ப் பாட்டில்களைத்தான் மின்தேக்கியாகப் பயன்படுத்தினார். இதில் இகழ ஒன்றுமில்லை. கையால் செய்து பார்க்காமல் மின்னியல் மனதில் பதியாது என்பது என் உறுதியான எண்ணம். செய்பவர் உயிரோடு இருந்து அடுத்ததையும் செய்ய வேண்டும் என்பதற்காகவே இந்த அத்தியாயம்.

1750 டிசம்பர் 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு வான்கோழியை மின்சாரத்தால் கொல்ல முனைந்தார். சாதாரணக் குப்பிகள் நாற்பது கொள்ளும் அளவு மின்னூட்டத்தை இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகளில் ஏற்றியிருந்தார். சுற்றிலும் நண்பர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் ஜாடிகளின் வெளிப்புறத்தோடு இணைந்த சங்கிலி இருந்தது. மறு கை மேல் கம்பியருகே போய்விட்டது. பார்த்தவர்கள் பெரிய ஒளியையும் துப்பாக்கி வெடித்தது போன்ற ஓசையையும் சொன்னார்கள். அவர் அந்த ஒளியைப் பார்க்கவில்லை, ஓசையைக் கேட்கவும் இல்லை. தலை முதல் கால் வரை உடல் முழுவதும் ஓர் அடி, பின்பு நடுக்கம். கையிலும் பின்கழுத்திலும் மறுநாள் காலை வரை மரமரப்பு இருந்தது. இரண்டு நாள் கழித்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரித்தவர், காரணத்தையும் ஒளிக்கவில்லை: கூட இருந்தவர்களின் பேச்சில் கவனம் சிதறிவிட்டது.

அன்றைய மின்னழுத்தத்தை யாரும் அளக்கவில்லை. ஒரு குப்பிக்கு ஒரு நானோஃபாரட், மின்னழுத்தம் 30,000 வோல்ட் என்று கொண்டு பார்ப்போம். மின்தேக்கியில் இருக்கும் ஆற்றலுக்கு நம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலேயே சூத்திரம் உண்டு: மின்னழுத்தத்தின் இருமடியை மின்தேக்குத்திறனால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். நாற்பது நானோஃபாரடுக்கு 18 ஜூல் வருகிறது. தேர்வுக்காக இந்தச் சூத்திரத்தைத் தருவித்து எழுதிய எல்லோரும், தம் உயிரைக் காக்கும் கணக்கு இதுதான் என்ற நினைப்போடு எழுதியிருக்க மாட்டார்கள். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. வீட்டில் மின்தேக்கி செய்கிறவர் ஒவ்வொரு முறையும் முதலில் போட வேண்டிய கணக்கு அது.

எண்களைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வறண்ட நாளில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப் பிடியைத் தொட்டால் சுருக்கென்று ஒரு பொறி வரும். அப்போது நம் உடலின் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட்டாகக்கூட இருக்கும். ஆனால் உடலின் மின்தேக்குத்திறன் சுமார் 100 பிகோஃபாரட்தான். 10,000 வோல்ட்டிலும் ஆற்றல் 5 மில்லிஜூல். வோல்ட்டைப் பார்த்துப் பயந்தால் இது கொல்ல வேண்டும், கொல்வதில்லை. கால் ஜூல் அளவில் அடி வலிக்கும். கை தானாக உதறிக்கொண்டு பின்னால் இருப்பதில் மோதும். சில ஜூல்கள் ஏறினால் அடி கடுமையாகும். 10 ஜூலைத் தாண்டிய எதையும் உயிருக்கு ஆபத்தானதாகவே கருத வேண்டும் என்பது மின் பாதுகாப்பில் பரவலாக உள்ள அளவுகோல். துடிப்பு தாறுமாறான இதயத்தைச் சீர்ப்படுத்த மருத்துவமனையில் மார்பின் மேல் கொடுக்கும் மின்னதிர்ச்சி 120 முதல் 360 ஜூல் வரை. அதைப் பயிற்சி பெற்றவர்கள் இதயத்தின் நிலையைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். சீராகத் துடிக்கும் இதயத்தில், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் வரும் ஒரு மிகக் குறுகிய இடைவேளையில் மின்னதிர்ச்சி விழுந்தால், நல்ல இதயமும் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிவிடலாம். ஆகவே ஒருமுறை அடி வாங்கிப் பிழைத்தவர், அடுத்த முறையும் பிழைப்போம் என்று எண்ணுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

உப்பு நீர் நிரப்பிய பத்துப் பாட்டில்களை ஒரு வாளி உப்பு நீரில் நிறுத்தினால் ஏறக்குறைய 10 நானோஃபாரட் கிடைக்கும். 20,000 வோல்ட்டில் அது 2 ஜூல். அதையே நூறு நானோஃபாரடாக வளர்த்தால் 20 ஜூல். இந்த இரண்டும் ஒரே மேசையில், ஒரே பொருள்களால், ஒரே கை செய்யக்கூடியவை. பார்வைக்கு வித்தியாசம் பாட்டில்களின் எண்ணிக்கை மட்டும். ஆனால் இரண்டாவது, எல்லையின் அந்தப் பக்கம் இருக்கிறது. முதன்முறை செய்கிறவர் ஒரு ஜூலுக்குள்ளேயே நிற்க வேண்டும். அழகான பொறிகளுக்கு அதுவே போதும்.

இந்தக் கருவியின் தனி ஆபத்து எது என்று கேட்டால், மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் அது அப்படியே இருப்பதுதான் என்பேன். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடும். ஆனால் கையை அருகில் கொண்டுபோனாலே அனல் சொல்லிவிடும். மின்னூட்டம் ஏறிய மின்தேக்கியோ சத்தம், சூடு, வாடை எதையும் காட்டாது. காலியான மின்தேக்கியும் நிரம்பிய மின்தேக்கியும் கண்ணுக்கு ஒன்றே. எனவே மின்னூட்டத்தை எப்படி ஏற்றுவது என்று யோசிப்பதற்கு முன்பே எப்படி இறக்குவது என்பதை முடிவு செய்து, அந்தப் பாகத்தை முதலில் கட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சுருட்டுகிறார்கள், எண்ணெய் ஊற்றுகிறார்கள், மின்னூட்டம் ஏற்றுகிறார்கள், பொறி பார்த்து மகிழ்கிறார்கள்; பிறகு ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறார்கள்.

இறக்கும் பாகம் இரண்டு. ஒன்று நிரந்தரமாக முனைகளுக்குக் குறுக்கே இருக்கும் கசிவு மின்தடை. 100 நானோஃபாரட், 20,000 வோல்ட் என்ற நம் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். குறுக்கே 100 மெகாஓம் போட்டால் நேர மாறிலி 10 விநாடி. 50 விநாடியில் மின்னழுத்தம் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே, ஏறக்குறைய 135 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். இதற்குக் கடையில் ஒற்றை மின்தடை வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பதில்தான் பிழை நேர்கிறது. கால் வாட் மின்தடை தாங்கும் மின்னழுத்தம் பொதுவாக 250 வோல்ட்தான். ஓம் மதிப்பு சரியாக இருந்தாலும் 20,000 வோல்ட் அதன் உடல்மேலேயே தாவிப் போய்விடும். ஒரு மெகாஓம் மின்தடை நூறை வரிசையாகக் கோக்க வேண்டும். அப்போது ஒவ்வொன்றின் மீதும் 200 வோல்ட், ஒவ்வொன்றும் வெளிவிடும் வெப்பம் 0.04 வாட். மாலை நேரத்தில் உட்கார்ந்து நூறு மின்தடைகளைப் பற்றவைப்பது சலிப்பான வேலை என்பது உண்மைதான். இப்படிக் கோத்த மின்தடை மாலையை மடித்து வைக்கும்போது தொடக்கமும் முடிவும் அருகருகே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நூறும் சேர்ந்து தாங்கும் மின்னழுத்தம் அந்த இரு முனைகளுக்கு நடுவேதான் இருக்கிறது.

இந்த மாலையை மட்டும் நம்பவும் கூடாது. நூறு பற்றுகளில் ஒன்று விட்டுப்போனாலும் மொத்தமும் வேலை செய்யாது. விட்டுப்போனது வெளியே தெரியாது. ஆகவே இரண்டாவது பாகம், மின்னிறக்கக் கோல். ஒரு மீட்டர் நீளமுள்ள உலர்ந்த கண்ணாடியிழைக் கம்பியோ அக்ரிலிக் கம்பியோ போதும். நுனியில் உலோகக் கொக்கி. கொக்கியிலிருந்து ஒரு மின்தடை. மின்தடையிலிருந்து தடித்த, பல இழைக் கம்பி ஒன்று மின்தேக்கியின் மறு முனைக்கும் நிலத்தொடுப்புக்கும் போகும். கம்பியின் உறை தெளிவான பிளாஸ்டிக்காக இருந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆய்வுக்கூடங்களில் இதற்காகவே தெளிவுறைக் கம்பியைத் தேடி வாங்குகிறார்கள். 10 கிலோஓம் மின்தடை என்றால் 20,000 வோல்ட்டில் முதல் கணத்தில் 2 ஆம்பியர் பாயும். சில மில்லிவிநாடிகளில் ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிடும். இந்த மின்தடை 20 ஜூலையும் ஒரே மூச்சில் விழுங்க வேண்டும் என்பதால் கம்பி சுற்றிய பீங்கான் வகையே ஏற்றது. நீளமும் முக்கியம்: கூர்மையான முனைகளுக்கு நடுவே 20,000 வோல்ட் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத் தாவக்கூடும். குட்டையான மின்தடை இருந்தும் இல்லாததாகிவிடும்.

கோலைப் பயன்படுத்தும் முறை: மின்வழங்கியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கசிவு மின்தடைக்கு ஒரு நிமிடம் கொடுக்க வேண்டும். இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வலது கையால் கோலின் கடைசியைப் பிடித்து, கொக்கியால் தொட்டு அங்கேயே சில விநாடி நிறுத்த வேண்டும். அதன் பிறகு மின்தடை இல்லாத நேர்க்கம்பியால் மீண்டும் தொட வேண்டும். கடைசியாக இரு முனைகளையும் கிளிப் போட்ட கம்பியால் இணைத்து, அந்த இணைப்பு அப்படியே இருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும். ஒரு கை பைக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய மின்பணியாளர் வழக்கம். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் மின்னோட்டம் மார்பின் குறுக்கே போகிறது. காலில் ரப்பர் செருப்பு இருப்பதை நம்பி இரு கைகளையும் உள்ளே விடுகிறவருக்கு அந்தச் செருப்பால் ஒரு பயனும் இல்லை.

ஸ்க்ரூடிரைவர் ஏன் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். மின்தடை இல்லாத பாதையில் மின்னோட்டம் ஆயிரக்கணக்கான ஆம்பியருக்கு எகிறலாம். நுனி உருகித் தெறிக்கும். ஓசை காதைத் தாக்கும். மின்தேக்கியின் உள் இணைப்புகள் இழுபட்டு வலுவிழக்கும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்தவர்கள் கண்ணைத்தான் பணயம் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று: சாதாரண மல்டிமீட்டரின் எல்லை 600 அல்லது 1,000 வோல்ட். காலியாகிவிட்டதா என்று பார்க்க அதை 20,000 வோல்ட் மின்தேக்கியில் வைத்தால் மீட்டர் வழியாகவே அடி கைக்கு வரலாம். உயர் மின்னழுத்தத்துக்கென்று உள்ள நீண்ட ஆய்முனை தனி.

இனி மின்தேக்கியின் உடலைப் பார்ப்போம். முப்பது சென்டிமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள இரு அலுமினியத் தாள்கள், நடுவே ஒரு மில்லிமீட்டர் பாலித்தீன்: கிடைப்பது 6 நானோஃபாரட். தடிமனைப் பாதியாக்கினால் 12. ஆசை இங்கே தொடங்குகிறது. மெலிதாக்க மெலிதாக்க மின்தேக்குத்திறன் கூடும், தாங்கும் மின்னழுத்தம் குறையும். அட்டவணையில் போட்டிருக்கும் தாங்குதிறன், ஆய்வுக்கூடத்தில் குறையில்லாத மாதிரியில் அளந்தது. கடையில் வாங்கும் விரிப்பில் ஊசித்துளை இருக்கும், தூசி இருக்கும், மடிப்பு இருக்கும். தடித்த ஒற்றை விரிப்பைவிட மெல்லிய விரிப்புகள் பலவற்றை அடுக்குவது நல்லது. ஒரு துளைக்கு நேர் கீழே அடுத்த அடுக்கிலும் துளை அமைவது அரிது.

கண்ணாடியோ பாலித்தீனோ, உண்மையான எதிரி காற்று. கண்ணாடிக்கும் அதன்மேல் சரியாக ஒட்டாத அலுமினியத் தாளுக்கும் நடுவே தட்டையான காற்றுக் குமிழ் ஒன்று சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியின் ஒப்புமை விடுதிறன் 6 என்றால், குமிழுக்குள் மின்புலம் கண்ணாடிக்குள் இருப்பதைப் போல 6 மடங்கு. காற்று மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட்டில் உடைகிறது. ஆகக் கண்ணாடியில் மில்லிமீட்டருக்கு வெறும் 500 வோல்ட் இருக்கும்போதே குமிழுக்குள் இருக்கும் காற்று உடையத் தொடங்கிவிடும். கண்ணாடிக்கு அது ஒரு பொருட்டே இல்லாத மின்புலம். விளக்கை அணைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தால் தாளின் ஓரம் நெடுகிலும் ஊதா நிற ஒளி நடுங்குவதைக் காணலாம். உஸ் என்ற ஒலியும் கேட்கும், ஓசோனின் காரமான வாடை மூக்கில் ஏறும். இந்த ஒளிவட்ட மின்னிறக்கம் அழகானது. ஆனால் அது தெரியும் ஒவ்வொரு நொடியும் பிளாஸ்டிக்கை அரித்துக்கொண்டிருக்கிறது. இன்று தாங்கிய மின்தேக்கி அடுத்த வாரம் அதே மின்னழுத்தத்தில் துளைபடுவதற்கு இதுவே காரணம். ஓசோன் நுரையீரலுக்கும் ஆகாது. ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

தாளின் ஓரங்களை உருட்டி மடிப்பதும், விளிம்பில் சில சென்டிமீட்டர் வெறும் பிளாஸ்டிக் விடுவதும், முழுவதையும் எண்ணெயில் அமிழ்த்துவதும் இந்தக் காற்றை விரட்டத்தான். உப்பு நீர்ப் பாட்டில் இவ்வளவு நன்றாக வேலை செய்வதும் நீர் கண்ணாடியோடு இடைவெளியின்றி ஒட்டுவதால்தான். தொழிற்சாலையில் செய்யும் சில உயர் ஆற்றல் துடிப்பு மின்தேக்கிகளுக்குள் ஊற்றப்படுவது ஆமணக்கு எண்ணெய், நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். வீட்டில் எந்த எண்ணெய் ஊற்றினாலும், துளைபடும்போது அதனருகில் மின்பொறி தோன்றும் என்பதை மறக்கக் கூடாது. பல மின்தேக்கிகளை இணையாகக் கோத்திருந்தால் ஒன்று துளைபட்டதும் மற்ற எல்லாவற்றின் ஆற்றலும் அந்த ஒன்றில் வந்து கொட்டும். பாட்டில் சிதறும், எண்ணெய் பீறிடும். மூடிய மரப்பெட்டியோ தடித்த அக்ரிலிக் மறைப்போ கட்டாயம் வேண்டும்.

மின்தேக்கியை நிரப்பும் கருவி மின்தேக்கியைவிடக் கொடியதாக இருக்கலாம். மின்தேக்கி ஒருமுறை அடிக்கும்; மின்மாற்றி விடாமல் பிடித்துக்கொள்ளும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றி 2,000 வோல்ட்டை, உயிர் போக்கும் அளவைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தோடு தருகிறது. அமெரிக்காவில் மரப்பலகையில் மின்னல் வடிவம் எரிக்க இதைப் பயன்படுத்தியவர்கள் பலர் இறந்த பிறகு, அந்நாட்டு மரக்கடைசல் சங்கம் அந்த முறையைத் தன் நிகழ்ச்சிகளில் தடை செய்தது. வீட்டில் டிரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். வீட்டு மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால்தான் அது விழும். மின்மாற்றியின் இரண்டாம் சுருளில் நடக்கும் மின்சுற்று அதற்குத் தெரியவே தெரியாது; ஒருவர் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தாலும் டிரிப் சுவிட்ச் பேசாமல் இருக்கும். மைக்ரோவேவ் மின்மாற்றியை யாரும் தொடவே வேண்டாம் என்று ஐயமின்றிச் சொல்வேன். கையால் சுற்றி நிலைமின்னூட்டம் எடுக்கும் விம்ஷர்ஸ்ட் பொறி சிறிய லைடன் ஜாடிக்குப் போதும். அதன் மின்னோட்டம் மிகக் குறைவு.

2006-இல் தொடங்கித் தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் படக்குழாய் வகையைச் சேர்ந்தவை. பழைய இரும்புக் கடைகளில் அவ்வகைப் பெட்டிகளைக் காணலாம்; உயர் மின்னழுத்தம் வேண்டும் என்று அவற்றைத் திறப்பவர்கள் உண்டு. அந்தப் படக்குழாயே ஒரு லைடன் ஜாடி. கண்ணாடியின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் கடத்தும் பூச்சு இருக்கிறது; நடுவே ஏறக்குறைய 25,000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கி நெடுநேரம் ஆன பின்னும் ரப்பர் மூடிக்கு அடியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அந்த அடி கொல்வதைவிட, கையை உதற வைத்துக் குழாயின் கழுத்தை உடைக்க வைப்பதே அதிகம். உள்ளே வெற்றிடம் என்பதால் கண்ணாடி சிதறும்.

எல்லாம் சரியாக இறக்கிவிட்ட பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. முனைகளைச் சில விநாடி இணைத்து, பூஜ்யம் என்று பார்த்து, இணைப்பை எடுத்துவிட்டால், சில நிமிடங்களில் மின்தேக்கி தானாகவே மீண்டும் மின்னழுத்தம் காட்டும். மின்கடத்தாப் பொருளின் உள்ளே திசைமாறி நின்ற மூலக்கூறுகளும் சிக்கிய மின்னூட்டங்களும் உடனே பழைய நிலைக்கு வருவதில்லை. மெல்லத் திரும்பும்போது தகடுகளில் மின்னூட்டத்தை விட்டுப்போகின்றன. பாலிஸ்டைரின் போன்றவற்றில் இது மிகக் குறைவு. எண்ணெயில் ஊறிய காகிதத்திலும் கண்ணாடியிலும் நூற்றில் சில பங்கு வரை வரலாம். 20,000 வோல்ட்டில் ஐந்து விழுக்காடு திரும்பி வந்தால் 1,000 வோல்ட். காலி என்று கண்ணால் கண்டு உறுதி செய்தவரே தொடுகிறார் என்பதால் இந்த அடி மிகவும் ஏமாற்றுகிறது.

ஆகவே அலமாரியில் இருக்கும் உயர் மின்னழுத்த மின்தேக்கி எதுவானாலும், இரு முனைகளையும் இணைக்கும் கம்பி அதன்மேல் முறுக்கப்பட்டிருக்க வேண்டும். பெரிய மின்தேக்கிகள் அப்படித்தான் அனுப்பப்படுகின்றன. சுற்றில் பொருத்தும் வரை அந்தக் கம்பியை யாரும் கழற்றுவதில்லை. மேலே ஒரு சீட்டில் மின்தேக்குத்திறன், உச்ச மின்னழுத்தம், அந்த மின்னழுத்தத்தில் உள்ள ஜூல் ஆகிய மூன்றையும் எழுதி ஒட்ட வேண்டும். வேலை செய்யும்போது இன்னொருவர் அறையில் இருக்க வேண்டும். பேச்சுத் துணைக்கு அல்ல. பிளக் எங்கே இருக்கிறது, முதலில் அதைப் பிடுங்கிய பிறகே விழுந்தவரைத் தொட வேண்டும், நினைவும் இயல்பான மூச்சும் இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அடி வாங்கியவர் எழுந்து உட்கார்ந்து நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும் மருத்துவமனைக்குப் போய் இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்துவிட வேண்டும்.

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் எண்ணெய் நிரம்பிய உலோகப் பெட்டி மின்தேக்கியை வாங்கித் திறந்து பார்க்கும் ஆசையையும் விட்டுவிட வேண்டும். 1970-கள் வரை வந்த பலவற்றில் இருந்தது பாலிகுளோரினேற்றம் பெற்ற பைஃபீனைல் என்ற எண்ணெய். எளிதில் தீப்பிடிக்காது என்பதற்காகச் சேர்த்தார்கள். பின்னர் அது உடலின் கொழுப்பில் தங்கி நெடுங்காலம் நஞ்சாக இருப்பது தெரியவந்தது. அமெரிக்கா 1979-இல் அதன் தயாரிப்பைத் தடை செய்தது. 2001-இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை உலகெங்கும் ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் வைத்தது. பெட்டியின்மேல் ஆண்டு இல்லையென்றாலும், பெயர்த்தகடு அழிந்திருந்தாலும், கசிவு தெரிந்தாலும் அதைக் கடையிலேயே விட்டுவிடுவது நல்லது.